எட்டு அங்குலத் தொலைநோக்கியில் கோள்களைப் பார்க்க எந்த ஐபீஸ் வாங்கலாம்?

கேள்வி: ஐயா, உடுமலைப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் எட்டு அங்குல டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்பும் வகை) தொலைநோக்கி இருக்கிறது. அதன் குவியத்தூரம் 1200 மி.மீ. உடன் வந்த 25 மி.மீ., 10 மி.மீ. ஐபீஸ்களில் (கண்ணை வைத்துப் பார்க்கும் லென்ஸ் குழல்களில்) வியாழன் சிறியதாக, ஆனால் தெளிவாகத் தெரிந்தது. பெரிதாகப் பார்க்க ஆசைப்பட்டு 4 மி.மீ. ப்ளாசல் வகை ஐபீஸ் ஒன்றும், ஐபீஸின் உருப்பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். இரண்டிலும் வியாழன் பஞ்சு உருண்டை போலத்தான் தெரிகிறது. கோள்களுக்கு ஆர்த்தோஸ்கோபிக் வகை ஐபீஸ்தான் சரி என்கிறார் ஒரு நண்பர், 8–24 மி.மீ. ஜூம் ஒன்றே போதும் என்கிறார் இன்னொருவர். ஐந்து ஐபீஸ்களும் நிற ஃபில்டர்களும் அடங்கிய பெட்டி ஒன்றும் விற்பனைக்கு இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் வரை செலவிட முடியும். எனக்குச் சிலிண்டர் பவர் உள்ள மூக்குக்கண்ணாடி உண்டு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளும் என்னோடு மொட்டை மாடியில் நின்று பார்ப்பாள். எதை வாங்கலாம்? ஒருவேளை தொலைநோக்கியின் ஆடியிலேயே குறை இருக்குமோ?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, அந்தப் பெட்டியை வாங்க வேண்டாம், ஆர்த்தோஸ்கோபிக்கையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். முதலில் உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களையே கணக்குப் பார்ப்போம். தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஐபீஸின் குவியத்தூரத்தால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். அதன்படி 25 மி.மீ. உங்களுக்கு 48 மடங்கும் 10 மி.மீ. 120 மடங்கும் தருகின்றன. புதிதாக வாங்கிய 4 மி.மீ. 300 மடங்கு, 10 மி.மீ. ஐபீஸைப் பார்லோவில் செருகினால் 360 மடங்கு. ஆக, தெளிவாக இருந்த 120-லிருந்து நேராக 300-க்குத் தாவியிருக்கிறீர்கள். எட்டு அங்குலத் தொலைநோக்கியில் கோள்களைப் பார்ப்பவர்கள் பெரும்பாலான இரவுகளில் பயன்படுத்துவது 150-க்கும் 250-க்கும் இடைப்பட்ட உருப்பெருக்கத்தைத்தான். அந்த இடைவெளிக்கு உங்களிடம் ஐபீஸே இல்லை. எனவே எந்த வகை ஐபீஸ் என்று கேட்பதற்கு முன், எத்தனை மி.மீ. ஐபீஸ் என்று கேட்க வேண்டும். 5 முதல் 8 மி.மீ. வரை என்பது என் பதில். அதற்குள் எது என்பதை உங்கள் ஊர்க் காற்றுதான் முடிவு செய்யும்.

அங்குலத்துக்கு ஐம்பது மடங்கு என்ற கணக்கில், எட்டு அங்குலத்துக்கு 400 மடங்கு வரை போகலாம் என்று விற்பனைக் குறிப்புகளில் போட்டிருப்பார்கள். நெருக்கமான இரட்டை விண்மீன்களைப் பிரித்துப் பார்க்கவும், நிலாவின் பள்ளங்களை ஆராயவும் சில இரவுகளில் அந்த எண் உதவும். அவற்றில் ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாடு மிகக் கடுமையானது. வியாழனின் பட்டைகளோ வெளிர் மஞ்சளின் மீது வெளிர் பழுப்பு. அந்த மெல்லிய வேறுபாட்டைக் கண் பிரித்துணர வேண்டுமானால் உருவத்தில் போதிய வெளிச்சம் இருக்க வேண்டும். உருப்பெருக்கத்தை இரண்டு மடங்காக்கினால் உருவத்தின் பரப்பு நான்கு மடங்காகிறது. அதே ஒளி அந்தப் பரப்பெங்கும் பரவ வேண்டியிருப்பதால் வெளிச்சம் கால் பங்காகக் குறைகிறது. 120-லிருந்து 400-க்குப் போகும்போது பதினொன்றில் ஒரு பங்கு வெளிச்சமே மிஞ்சுகிறது.

இதை அளவிட எளிய வழி ஒன்று உண்டு. ஐபீஸிலிருந்து வெளிவந்து கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டத்தை, ஐபீஸின் குவியத்தூரத்தைத் தொலைநோக்கியின் குவிய விகிதத்தால் வகுத்துத் தெரிந்துகொள்ளலாம். குவிய விகிதம் என்பது தொலைநோக்கியின் குவியத்தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்த எண்; உங்களுடையதில் அது 6. எனவே 6 மி.மீ. ஐபீஸில் கற்றையின் விட்டம் 1 மி.மீ., 4 மி.மீ. ஐபீஸில் ஏறத்தாழ 0.7 மி.மீ., 400 மடங்கில் வெறும் அரை மி.மீ. கற்றை அவ்வளவு மெலிந்துவிட்டால், கண்ணுக்குள்ளே மிதக்கும் நூல்களும் புள்ளிகளும் வியாழனின் முகத்தின் மீது நிழலாக ஊர்வதைக் காண்பீர்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இது பெரிய தொல்லை. வியாழனுக்கு 0.8 முதல் 1 மி.மீ. வரையிலான கற்றையே சிறந்தது என்பது என் முடிவு. சனிக்கும் செவ்வாய்க்கும், காற்று நன்றாக அடங்கிய இரவில், 0.7 வரை இறங்கலாம்.

1781 மார்ச் 13 அன்று வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டபோது, ஆறு அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான அகலமுள்ள அவருடைய தொலைநோக்கியில் இருந்தது 227 மடங்கு ஐபீஸ். புதிதாகத் தென்பட்ட பொருள் விண்மீனா, வட்டமான உருவம் உடையதா என்று சோதிக்கத்தான் பிறகு 460, 932 என்று ஏற்றினார். அவர் விரும்பிப் பயன்படுத்தியவை பெரும்பாலும் ஒற்றை லென்ஸ் ஐபீஸ்கள் என்பதையும், ஐபீஸ் வகைகளைப் பற்றிய இன்றைய வாக்குவாதங்களுக்கு நடுவே நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

200 மடங்கில் வியாழன் உண்மையில் சிறியதல்ல. பூமிக்கு அருகில் வரும் மாதங்களில் அதன் விட்டம் 45 வில்விநாடி (3600 வில்விநாடி ஒரு பாகை) அளவுக்கு இருக்கும். 200-ஆல் பெருக்கினால் 9000 வில்விநாடி, அதாவது இரண்டரைப் பாகை. வெறுங்கண்ணால் பார்க்கும் முழு நிலவின் அகலம் அரைப் பாகைதான். ஆக, நிலவைப் போல ஐந்து மடங்கு அகலமான உருவத்தைத்தான் ஐபீஸில் பார்க்கிறீர்கள். கறுத்த வட்டத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வேறு பொருள் இல்லாததால் மனம் அதைச் சிறியது என்றே மதிப்பிடுகிறது. போதாக்குறைக்கு, நாம் பார்த்துப் பழகிய வியாழன் படங்கள் எல்லாம் ஆயிரக்கணக்கான வீடியோ ஃப்ரேம்களிலிருந்து தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி, அடுக்கி, கணினியில் கூர்மையாக்கியவை. அந்த அளவை ஐபீஸில் எதிர்பார்த்துத்தான் பலர் உருப்பெருக்கத்தை ஏற்றிக்கொண்டே போகிறார்கள்.

இனி காற்றுக்கு வருவோம். எட்டு அங்குல ஆடி கொள்கையளவில் 0.57 வில்விநாடி வரை பிரித்துக் காட்டக்கூடியது. சமவெளியில் பெரும்பாலான இரவுகளில் காற்றின் கொந்தளிப்பு ஒன்றரை, இரண்டு வில்விநாடிக்குக் கீழான நுணுக்கங்களைக் குழப்பிவிடும். இடையிடையே ஓரிரு விநாடிகள் அடங்கும்போது எல்லாம் சட்டென்று துலங்கும். கோள்களைப் பார்ப்பது என்பது அந்த விநாடிகளுக்காகக் கண்ணை எடுக்காமல் காத்திருப்பதுதான். இதில் உங்களுக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. உங்கள் ஊரின் அட்சரேகை பத்தரைப் பாகையை ஒட்டியது. ஆகவே எந்தக் கோளும், வானில் மிகத் தெற்கே இருக்கும் ஆண்டுகளில்கூட, உச்சத்தைக் கடக்கும்போது அடிவானத்திலிருந்து ஐம்பது பாகைக்கு மேலே நிற்கும். 2020-இல் வியாழனும் சனியும் தெற்கே இறங்கியிருந்தபோது லண்டனிலிருந்து பார்த்தவர்களுக்கு அவை இருபது பாகைக்கு மேல் ஏறவே இல்லை; தடித்த காற்றடுக்கின் வழியே, ஓரங்களில் சிவப்பும் நீலமும் கசிந்த உருவத்தைத்தான் அவர்கள் பார்க்க நேர்ந்தது. அந்த நிறக்கசிவைத் திருத்த அங்குள்ளவர்கள் வாங்கும் தனிக் கருவி உங்களுக்குத் தேவையே இல்லை.

பாதகம், உங்கள் மொட்டை மாடி. பகல் முழுதும் வெயில் குடித்த கான்கிரீட், இரவு பத்து மணி வரைக்கும் அந்தச் சூட்டை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். குழாயின் வாய்க்கு முன்னால் எழும் அந்த வெப்பக்காற்றை எந்த ஐபீஸும் திருத்தாது. பக்கத்து வீட்டுத் தகரக் கூரைக்கு நேர் மேலே கோள் நிற்கும்போது பார்த்தால் இன்னும் மோசம். தொலைநோக்கியை இறக்கிக் கொண்டுபோக முடியுமானால், மண்தரைதான் நல்லது. உங்கள் பக்கத்தில் தென்னந்தோப்புகளுக்குக் குறைவில்லை, நடுவே வானம் திறந்திருக்கும் இடம் ஒன்று கிடைத்தால் போதும். முடியாவிட்டால் பின்னிரவிலோ விடியலுக்கு முன்போ பாருங்கள். வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்தால் ஒரு மணி நேரமாவது வெளியே நிறுத்தி, ஆடி வெளிக்காற்றின் சூட்டுக்கு இறங்கிய பிறகே உயர் உருப்பெருக்கத்துக்குப் போக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று உங்கள் வட்டாரத்தில் எவ்வளவு பலமானது என்பதை அங்கே சுழலும் காற்றாலைகளே சொல்லும். அந்த மாதங்களில் எடுத்த முடிவை வைத்து ஐபீஸைக் குறை சொல்லாதீர்கள். மாறாக, லேசான புகைமூட்டம் போல வானம் மங்கி, விண்மீன்கள் மினுக்காமல் நிற்கும் இரவுகளைத் தவறவிடாதீர்கள். விண்மீன் கூட்டங்களுக்கு உதவாத அந்த இரவுகளில்தான் கோள்கள் மிகக் கூர்மையாகத் தெரியும்.

ஆடியில் குறை இருக்குமோ என்ற உங்கள் சந்தேகத்துக்கு வருகிறேன். 120 மடங்கில் வியாழன் தெளிவாக இருந்தது என்கிறீர்கள். ஆடி பெரிதாகக் கெட்டிருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உங்களுடையதைப் போல குவிய விகிதம் 6 உள்ள நியூட்டோனியன் (இரு ஆடிகள் கொண்ட) தொலைநோக்கியில், முதன்மை ஆடி குறையின்றி உருவம் அமைக்கும் வட்டம் குவியத்தளத்தில் சுமார் நாலரை மி.மீ. விட்டம் மட்டுமே. வானத்தில் அது பதின்மூன்று வில்நிமிடம் (அறுபது வில்நிமிடம் ஒரு பாகை) அளவு. ஆடிகள் விலகியிருந்தால் அந்த வட்டம் ஐபீஸின் நடுவிலிருந்து நகர்ந்து ஒரு ஓரத்துக்குப் போய்விடும். நீங்கள் வியாழனை நடுவில் வைத்துப் பார்ப்பது ஆடியின் மோசமான பகுதியில் பார்ப்பதாக ஆகிவிடும். வண்டியில் ஏற்றி இறக்கும் ஒவ்வொரு முறையும், மாடிப்படியில் தூக்கிச் செல்லும் ஒவ்வொரு முறையும் இது கொஞ்சம் விலகத்தான் செய்யும்.

இதைச் சோதிக்க நீங்கள் வீண் என்று நினைக்கும் அந்த 4 மி.மீ. ப்ளாசல் மிகப் பொருத்தமானது. நகராமல் நிற்கும் என்பதால் துருவ விண்மீனைப் பார்த்துச் சோதிக்கும்படி வெளிநாட்டு வழிகாட்டிகள் சொல்லும். உங்கள் ஊரில் அது அடிவானத்திலிருந்து பத்துப் பாகை உயரத்தில் தூசுக்குள் கிடக்கும், அதனால் பயனில்லை. தலைக்கு மேலே நிற்கும் நடுத்தர வெளிச்சமுள்ள விண்மீன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது நகர்ந்துகொண்டே இருக்கும், மகளைக் குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கச் சொல்லுங்கள். குவியத்தைச் சற்றே விலக்கினால், விண்மீன் ஒன்றுக்குள் ஒன்றாக அமைந்த ஒளிவளையங்களாக விரியும். நடுவில் துணை ஆடியின் கருநிழல் தெரியும். அந்த நிழல் நடுவில் இருந்தால் நல்லது. வளையங்கள் ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் அகன்றிருந்தால், முதன்மை ஆடியின் திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பிச் சரிசெய்ய வேண்டும். வளையங்கள் முக்கோணச் சாயலில் இருந்தால் ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று பிடிகள் இறுக்கமாக இருக்கின்றன என்று பொருள். தளர்த்துங்கள், ஆடி விழுந்துவிடாத அளவுக்கு. வளையங்கள் கொதிக்கும் நீரைப் போல அலைந்தால் குற்றம் காற்றினுடையது அல்லது இன்னும் ஆறாத ஆடியினுடையது. ஒளிக்கீற்று ஒரு பக்கமாக நீண்டு தெரிந்தால், ஐபீஸை மட்டும் அதன் இடத்திலேயே சுழற்றிப் பாருங்கள்; கீற்றும் சேர்ந்து சுழன்றால் குறை ஐபீஸில். ஐபீஸ் அசையாமலிருக்க, உங்கள் தலையைச் சாய்க்கும்போது கீற்று சாய்ந்தால் குறை உங்கள் கண்ணில்.

ஆர்த்தோஸ்கோபிக் பற்றி உங்கள் நண்பர் சொல்வதில் வரலாற்று நியாயம் உண்டு. 1880-இல் ஜெர்மனியின் ஜேனா நகரில் எர்ன்ஸ்ட் ஆபே, ஒட்டிய மூன்று லென்ஸ்களையும் தனி லென்ஸ் ஒன்றையும் கொண்டு அதை அமைத்தார். ஒளி காற்றிலிருந்து கண்ணாடிக்கும் கண்ணாடியிலிருந்து காற்றுக்கும் கடக்கும் பரப்புகள் அதில் நான்கே. பூச்சு இல்லாத ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ நான்கு சதவீத ஒளியைத் திருப்பியடித்து, அதில் ஒரு பகுதியை உருவத்தின் மீதே சிதறவிட்ட காலத்தில், பரப்புகள் குறைவு என்பது வியாழனின் பட்டைகளுக்கும் வெறும் வெளிச்சத்துக்கும் இடையிலான வித்தியாசமாக இருந்தது. இன்றைய பல்லடுக்குப் பூச்சுகள் அந்த இழப்பை அரைச் சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிட்டன. நல்ல ப்ளாசல், நல்ல ஆர்த்தோஸ்கோபிக், ஏழெட்டு லென்ஸ்கள் கொண்ட நல்ல நவீன ஐபீஸ் ஆகியவற்றுக்கு இடையே, புலத்தின், அதாவது ஐபீஸில் தெரியும் வட்டத்தின், நடுவில் வைத்துப் பார்க்கும்போது வேறுபாடு இல்லையென்று சொல்ல மாட்டேன். காற்று முற்றிலும் அடங்கிய இரவில், பழகிய கண்ணுக்கு, மயிரிழையளவு தெரியும். கூர்மையைத் தீர்மானிப்பது வகையின் பெயரைவிடப் பளபளப்பாக்கிய பரப்பின் தரமும், லென்ஸ் விளிம்புகளுக்கும் குழலின் உட்புறத்துக்கும் அடித்த கறுப்பும்தான். கையில் கிடைக்கும் எந்த ஐபீஸையும் இப்படிச் சோதிக்கலாம்: வியாழனைப் புலத்துக்குச் சற்று வெளியே தள்ளிவிட்டுப் பாருங்கள். புலம் கறுப்பாகவே இருந்தால் நல்ல ஐபீஸ். ஓரத்திலிருந்து வெளிச்சக் கீற்றுகள் உள்ளே பாய்ந்தால், அதே ஒளிதான் கோளைப் பார்க்கும்போதும் பட்டைகளின் மேல் மெழுகப்படுகிறது.

உங்களுக்கு ஆர்த்தோஸ்கோபிக் வேண்டாம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம், உங்கள் தொலைநோக்கி கையால் தள்ளப்படுவது. மோட்டார் பொருத்திய தாங்கியில் கோள் நடுவிலேயே நிற்கும். உங்களுக்கு அது ஓடிக்கொண்டே இருக்கும். வானம் நிமிடத்துக்கு ஏறத்தாழப் பதினைந்து வில்நிமிடம் நகர்கிறது. 240 மடங்கில், 40 பாகைப் புலமுள்ள ஆர்த்தோஸ்கோபிக்கில் ஓரத்திலிருந்து ஓரத்துக்குக் கோள் கடக்க நாற்பது விநாடிதான் ஆகும். 60 பாகைப் புலத்தில் ஒரு நிமிடம். ஒவ்வொரு முறை தள்ளிய பிறகும் குழாயின் அதிர்வு அடங்க இரண்டு மூன்று விநாடி போகும். காற்று அடங்கும் அந்த அரிய கணம், நீங்கள் குழாயைத் தள்ளிக்கொண்டிருக்கும்போது வந்துவிட்டுப் போனால் நான்கு லென்ஸின் தூய்மையால் என்ன பயன்? அப்போலோ வீரர்கள் நிலவில் இறங்கப் பயிற்சி பெற்ற சிமுலேட்டர்களின் ஒளியியலில் பணியாற்றிய ஆல் நாக்லர், 1980-களின் தொடக்கத்தில் 82 பாகைப் புலமுள்ள ஐபீஸைக் கொண்டுவந்தது டாப்சோனியன்காரர்களுக்குப் பெரும் வரமாக அமைந்தது இதனால்தான். அதற்காக 100 பாகைக்கும் போக வேண்டியதில்லை. மேலே சொன்ன பதின்மூன்று வில்நிமிட வட்டத்துக்கு வெளியே உங்கள் ஆடியே உருவத்தைக் கலைக்கத் தொடங்கிவிடும் என்பதால், கோளுக்காக மட்டும் அந்தப் பணத்தைக் கொட்டுவது வீண். 55 முதல் 70 பாகை வரை உங்களுக்குச் சரியான அளவு. கோள் தலைக்கு நேர் மேலே வரும் வேளையில் டாப்சோனியனின் அடிப்பலகையைத் திருப்புவது பெரும்பாடு என்பதையும் கவனித்திருப்பீர்கள். அது அறுபது, எழுபது பாகை உயரத்தில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

மூக்குக்கண்ணாடி பற்றிக் கவலை வேண்டாம். சிலிண்டர் பவர் என்பது கருவிழியின் முழு அகலத்திலும் பரவியிருக்கும் குறை, ஒரு மி.மீ. கற்றை நுழையும்போது கருவிழியின் மிகச் சிறிய பகுதியே பயன்படுவதால் அந்தக் குறை ஏறக்குறைய மறைந்துவிடும். குட்டைப்பார்வையும் வெள்ளெழுத்தும் குவியத்தைத் திருப்பினாலே சரியாகிவிடும். கோள்களைப் பார்க்கும்போது கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வையுங்கள், 25 மி.மீ. ஐபீஸில் வானத்தைத் தேடும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் கண்ணுக்கும் ஐபீஸின் மேல் லென்ஸுக்கும் இடையில் வேண்டிய தூரம், அதாவது கண் தூரம், வேறு காரணத்துக்காக முக்கியம். ப்ளாசலில் அந்தத் தூரம் குவியத்தூரத்தின் முக்கால் பங்கு; உங்கள் 4 மி.மீ. ப்ளாசலில் 3 மி.மீ. மட்டுமே. இமை முடி லென்ஸில் உரசாமல் அதில் பார்க்கவே முடியாது. சிமிட்டும் ஒவ்வொரு முறையும் இமையின் எண்ணெய்ப்பசை லென்ஸில் ஒட்டும்; மகள் கண்ணுக்கு மை தீட்டியிருந்தால் கேட்கவே வேண்டாம், வியாழனைச் சுற்றி அன்றிரவு முழுவதும் ஒரு மங்கல் வளையம் இருக்கும். அந்த ஐபீஸை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்; உங்கள் பஞ்சு உருண்டையில் ஒரு பங்கு அங்கேயே இருக்கலாம். துடைப்பதற்கு முன் ரப்பர் ஊதுகுழலால் தூசை ஊதிவிட்டு, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் லேசாகத் தொட்ட சுத்தமான பஞ்சால், அழுத்தாமல், நடுவிலிருந்து வெளிப்புறமாகத் துடைக்க வேண்டும். வேட்டி நுனியும் பனியன் துணியும் பூச்சைக் கீறிவிடும். புதிதாக வாங்கும் ஐபீஸில் இந்தத் தூரம் 10 மி.மீ.-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாங்க வேண்டியதைச் சொல்கிறேன். 8–24 மி.மீ. ஜூம் நல்ல கருவிதான், ஆனால் உங்கள் தொலைநோக்கியில் அதன் உச்சம் 150 மடங்கு. கோள் பார்க்கும் வேலை தொடங்கும் இடத்தில் அது முடிந்துவிடும். பார்லோ போட்டு ஏற்றலாம், இருந்தாலும் அது சுற்றுவழி. நான் பரிந்துரைப்பது 3 முதல் 8 மி.மீ. வரையிலான கோள் ஜூம். ஸ்விபோனி நிறுவனத்தின் 3–8 மி.மீ. ஜூம் 56 பாகைப் புலமும் 10 மி.மீ. கண் தூரமும் கொண்டது, ஒவ்வொரு மி.மீ.-க்கும் ஒரு சொடுக்கு உண்டு. உங்கள் குழாயில் அது 150 முதல் 400 மடங்கு வரை தரும். கண்ணை எடுக்காமல் 8-லிருந்து 7-க்கும், 7-லிருந்து 6-க்கும் திருப்பிக்கொண்டே போய், புதிதாக நுணுக்கம் எதுவும் தெரியாமல் உருவம் மட்டும் பெருக்கும் இடத்தில் ஒரு சொடுக்கு பின்வாங்கலாம். அன்றைய காற்றுக்கு அதுதான் எல்லை. கோள் பார்ப்பவருக்கு 171, 200, 240 என்ற சிறிய படிகள் முக்கியமானவை; 6 மி.மீ. தெளிவாகவும் 5 மி.மீ. கலங்கலாகவும் இருக்கும் இரவுகளே அதிகம். தனித்தனி ஐபீஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு அதைக் கண்டுபிடிப்பதற்குள் கோள் புலத்தைவிட்டு ஓடியிருக்கும். எந்தச் சொடுக்கில் அதிகம் நின்றீர்கள் என்பதைத் தேதியோடு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

ஒரு பருவம் பார்த்து முடித்ததும் அந்த நோட்டே அடுத்த ஐபீஸைச் சொல்லிவிடும். பெரும்பாலும் அது 6 அல்லது 7 என்று வரும் என்று நினைக்கிறேன். அப்போது, மனமும் பணமும் இருந்தால், அந்த ஒரே எண்ணில் உயர்தரமான நிலையான ஐபீஸ் ஒன்றை வாங்குங்கள். பென்டாக்ஸ் எக்ஸ்.டபிள்யூ. வரிசையின் 7 மி.மீ., டெலி வியூ டெலைட் வரிசையின் 7 மி.மீ. இரண்டும் 20 மி.மீ. கண் தூரம் கொண்டவை; முன்னதன் புலம் 70 பாகை, பின்னதன் புலம் 62. இரண்டுமே விலை அதிகம். ஆனால் தொலைநோக்கி மாறினாலும் இவை உங்களோடு இருக்கும். அவ்வளவு செலவு வேண்டாமென்றால், 60 பாகைப் புலமும் 16 மி.மீ. கண் தூரமும் கொண்ட பி.எஸ்.டி. ஸ்டார்கைடர் வரிசையில் 5, 8 மி.மீ. இரண்டும் குவிய விகிதம் 6-க்கு நன்றாகவே ஒத்துழைக்கும். இவை எதையும் ஜூமுக்கு முன் வாங்க வேண்டாம்.

ஜூம் வந்து சேரும் வரை சும்மா இருக்க வேண்டியதும் இல்லை. உங்கள் மூன்று மடங்கு பார்லோவில் 10 மி.மீ. ஐபீஸுக்குப் பதில் 25 மி.மீ. ஐபீஸைச் செருகுங்கள். 144 மடங்கு கிடைக்கும், 25 மி.மீ.-இன் வசதியான கண் தூரமும் அப்படியே நிற்கும். காற்று அடங்கிய ஓர் இரவில், ஆடிகளை நேர்ப்படுத்திய பிறகு, அதில் வியாழனின் இரு பெரும் பட்டைகளையும், அவற்றின் ஓரங்கள் நேர்கோடாக இல்லாமல் பிசிறடித்திருப்பதையும், நிலா ஒன்றின் நிழல் கோளின் மீது விழும் இரவாக இருந்தால் மசிப்பொட்டு போன்ற அந்தக் கறுப்பையும் நீங்களும் மகளும் பார்த்துவிட முடியும். சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் விளிம்பு நமக்கு நேராக வந்து கோடாகி, அதன் பின் மெல்ல விரிந்துவருகின்றன. காசினி 1675-இல் கண்ட வளைய இடைவெளியை வளையத்தின் இரு முனைகளிலும் தேடுங்கள். அங்கேகூட அதன் அகலம் முக்கால் வில்விநாடிதான். அதற்கு 200 மடங்கும் பொறுமையும் தேவைப்படும்.

பெட்டியை ஏன் வேண்டாம் என்றேன் என்பதையும் சொல்லி முடிக்கிறேன். அத்தகைய பெட்டிகளில் வரும் ஐபீஸ்களில் இரண்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் குவியத்தூரங்களுக்கு அருகில் இருக்கும். மிகக் குறைந்த குவியத்தூரம் உள்ளது உங்கள் 4 மி.மீ. ப்ளாசல் தரும் அதே தொல்லையைத் தரும். ஃபில்டர்களில் பாதி எட்டு அங்குலத்துக்கு இருட்டானவை. வியாழனுக்கு இளநீல ஃபில்டர் ஒன்று பட்டைகளைச் சற்று எடுத்துக்காட்டும். அதைப் பிறகு தனியாக வாங்கிக்கொள்ளலாம். எதை வாங்கினாலும் மழைக்காலத்தில் ஸ்பாஞ்ச் அடைத்த பெட்டிக்குள் மூடிப் போட்டு மறந்துவிடாதீர்கள், லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல்லின் நிறம் மாறும்போது வறுத்துப் போடுங்கள். 4 மி.மீ. ப்ளாசலை விற்க முயல வேண்டாம், யாரும் நல்ல விலை தரமாட்டார்கள். ஆடிகளைச் சோதிக்க அது உங்களிடமே இருக்கட்டும்.